பத்ரிநாத் செத்துப்போன வீடுகள்

பத்ரிநாத் முதன்முதலாகச் செத்தது கோர்படி ரயில்வே காலனியில், டிக்கெட் பரிசோதகர் டேனியல் வீட்டு முன்னறையில். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. செத்து முடித்ததும் ஒரு டம்ளர் காப்பி குடித்தார், டேனியலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார், சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். அதற்கப்புறம் புனேயில் அவர் சாகாத பேட்டை கிடையாது.

ஏன் செத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதரைப் பற்றி ஏடாகூடமாக நினைத்துக்கொள்வீர்கள். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அந்தக் காலத்தில் சர்க்கார் கம்பெனி ஒன்றுதான், அதற்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்களிடம் போய் "நீங்கள் செத்துப்போனால்" என்று பேச்சை ஆரம்பிக்க முடியுமா? கடைக்குக் கிளம்புகிறவன் "போறேன்" என்று சொன்னாலே "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று அதட்டுகிற கூட்டம். பத்ரிநாத் தொடக்கத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் பார்த்தார். ஒரு வீட்டில் காப்பியைப் பாதியில் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு மாமி அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தாள். கட்கி தொழிற்சாலை ஃபோர்மேன் ஒருவர், "வெள்ளிக்கிழமை அதுவுமா என் வாசல்ல வந்து என்னையே சாகச் சொல்றியா" என்று செருப்பைத் தேடினார். செருப்பு கிடைப்பதற்குள் பத்ரிநாத் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

டேனியல் வீட்டில்தான் அவருக்கு வழி பிறந்தது. வழக்கம்போல "நீங்க" என்று வாயைத் திறந்தவர், டேனியலின் மனைவி சப்பாத்திக் கட்டையும் கையுமாக நிற்பதைப் பார்த்தார். சொன்ன "நீங்க"வை அப்படியே விழுங்கிவிட்டு "நான்" என்று போட்டார்.

"நான் போயிட்டேன்னு வெச்சுக்கோங்கோ, டேனியல் சார். இதோ உங்காத்துலேர்ந்து இறங்கறேன், ரயில் கேட்டைத் தாண்டறேன், மெட்ராஸ் மெயில் வந்துடறது. அவ்வளவுதான். என் ருக்மிணி வாசல்ல நின்னுண்டிருக்கா. இடுப்புல ஆறு மாசக் குழந்தை. அடுப்புல ரசம். அவ இனிமே என்ன பண்ணுவா?"

டேனியலின் மனைவி சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போடுங்க" என்று புருஷனைப் பார்த்து அவள்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து பத்ரிநாத் ஓயாமல் செத்தார். அதிலும் வீட்டுக்கு வீடு ஒரே சாவு செல்லுபடியாகாது என்று சீக்கிரமே கண்டுகொண்டார். ரயில்வேக்காரர்களுக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார். தொழிற்சாலைக்காரர்களுக்கு பாய்லர் வெடித்தது. பாங்க் குமாஸ்தாக்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கசார்வாடி லேத் பட்டறைகளில், பழைய பம்பாய் ரோட்டைக் கடக்கும்போது லாரி வந்தது. கோந்த்வாவில் மரக்கடை வைத்திருந்த அப்துல் காதருக்காக ஒரு தேக்கு மரம் உருண்டு வந்து பத்ரிநாத் மேல் விழுந்தது. "யா அல்லா, என் கடையிலயா" என்று பதறிப்போன காதர் பாய் தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு பாலிசி எடுத்தார். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம் இன்று வரைக்கும் விடவில்லை.

தனியாரும் உயிருக்கு இன்சூரன்ஸ் விற்கலாம் என்று சட்டம் வந்தபோது, கையில் காசுள்ள சிலரைச் சேர்த்துக்கொண்டு பத்ரிநாத் சொந்தமாகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பேர் 'சாவ்லி'. மராட்டியில் நிழல் என்று அர்த்தம். அழகான பேர்தான். ஆனால் தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்காமல் விட்டுவிட்டார் பாருங்கள், அங்கேதான் மனிதர் சறுக்கினார். கும்பகோணத்திலிருந்து மைத்துனர் போன் பண்ணி, "ஏன் அத்திம்பேர், உலகத்துல வேற பேரே கிடைக்கலையா? பேர் வைக்கறச்சேயே சாவா?" என்று கேட்டார். பத்ரிநாத் விளக்கம் சொன்னார். மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. ருக்மிணி அந்தப் பேரை இன்று வரை உச்சரித்தது கிடையாது. கம்பெனியை அவள் "உங்க ஆபீஸ்" என்பாள்.

அவள் அப்படியிருப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை ஜெயந்த் சின்னவனாக இருந்தபோது ருக்மிணி கோர்படி சந்தைக்குப் போனால், முகம் தெரியாத பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கொத்துமல்லிக்காரி சும்மாவே ஒரு கட்டு கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஜெயந்துக்கு டீச்சர்கள் தலையைத் தடவி மிட்டாய் கொடுத்தார்கள். புனே ஜனங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று ருக்மிணி பூரித்துப்போயிருந்தாள். ஒரு நாள் டேனியலின் மனைவி சந்தையில் அவளைப் பார்த்து, "நீங்கதான் ருக்மிணியா? அய்யோ, அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ரயில்ல போனதைச் சொன்னாரே, எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. அவர் சௌக்கியமா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் பத்ரிநாத் வீட்டுக்குள் நுழைந்தபோது ருக்மிணி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. "ஊர்ல எந்த ஆத்துல வேணும்னாலும் போய் என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்கோ. நம்மாத்துல அந்தப் பேச்சு வரப்படாது" என்றாள். அதுதான் சட்டம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகியும் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம்கூட வரவில்லை.

ஆனால் ஒரு விசித்திரம். பத்ரிநாத்துக்கு வள்ளல் என்று பேர் வந்ததே ருக்மிணியால்தான். கசார்வாடியில் பவுன் என்கிற பெண்ணின் புருஷன், பட்டறையில் வேலை பார்த்தவன், நிஜமாகவே ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டான். பத்ரிநாத் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, ஆக வேண்டிய காரியத்தையெல்லாம் செய்துவிட்டு, பெருமையாக வீட்டுக்கு வந்தார். "அவா சாப்பிட்டாளா?" என்று ருக்மிணி கேட்டாள். பத்ரிநாத் முழித்தார். மராட்டி வீடாக இருந்தால் அக்கம்பக்கத்தில் கடலைமாவுப் பிட்லாவும் சோள ரொட்டியான பாக்ரியும் பண்ணிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அது அவர்கள் வழக்கம். பவுன் ஊர்விட்டு வந்தவள், உறவு ஜனம் என்று ஒரு ஈ காக்காய் கிடையாது. ருக்மிணி ரசமும் சாதமும் வைத்து அவரிடமே கொடுத்து அதே சைக்கிளில் திருப்பி அனுப்பினாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் டிரஸ்ட். இன்று புனேயில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஜாதி எந்த மதமானாலும், ஒரு போன் செய்தால் வெள்ளை வேன் வந்து நிற்கும். வேனிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு, மறுவேளை வந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். காரியம் முடிகிற வரைக்கும் இரண்டு வேளையும் வரும். காரம் குறைவாகப் போட வேண்டும், அழுத தொண்டையில் காரம் இறங்காது என்பது ருக்மிணியின் உத்தரவு. செத்த வீடு என்று மட்டும் அவள் சொல்ல மாட்டாள். "இன்னிக்கு அந்த மாதிரி ஆம் எத்தனை?" என்றுதான் சமையற்கட்டில் கேட்பாள்.

இப்போது பத்ரிநாத்துக்கு எழுபத்தொன்பது. போன வருஷம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. டிரஸ்டின் தலைமை நாற்காலியை யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், வியாழக்கிழமை மீட்டிங். நாற்காலிக்கு ஒரே பிள்ளை ஜெயந்த் தயாராக இருந்தான். அவன் கையில் திட்டமும் தயாராக இருந்தது: வேன்களையெல்லாம் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு வெல்னஸ் ஆப், வருஷா வருஷம் ஒரு மாரத்தான்.

"அரே அப்பா, எத்தனை நாளைக்குச் சாவைக் கட்டிண்டு அழறது? உயிரோட இருக்கறவாளுக்கு எதாவது பண்ணுவோம்" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் ஊரெல்லாம் அவனை அப்பா இல்லாத பிள்ளையாகவே பார்த்து மிட்டாய் கொடுத்தது. அந்த மிட்டாயின் கசப்பு இன்னும் அவன் நாக்கில் இருந்தது.

பத்ரிநாத்துக்கு ராத்தூக்கம் போயிற்று. அந்த வேன் ஒன்றுதான் தான் செய்த காரியம், மற்றதெல்லாம் வியாபாரம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதைக் காப்பாற்றுகிற தைரியம் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. ருக்மிணி அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஜெயந்த் இல்லை, அவன் மாரத்தானில் ஓடுகிற அத்தனை பேர் வந்தாலும் ஒரு கரண்டியைக்கூட அசைக்க முடியாது. ஆனால் அவளிடம் கேட்பதற்கு முன்னால் "எனக்கப்புறம்" என்கிற ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டுமே. அங்கேதான் பருப்பு வேகவில்லை.

திங்கட்கிழமை காலை, இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். "ருக்கு, ஒருவேளை நான் போயி..." ருக்மிணி மிக்ஸியைப் போட்டாள். சட்னி அரைபட்டது. நின்றதும் "நான் என்ன சொல்ல வரேன்னா, எனக்கப்..." மறுபடி மிக்ஸி. அன்றைக்கு அந்தச் சட்னி தண்ணீராக ஓடுகிற வரைக்கும் அரைபட்டது. பத்ரிநாத் அதைக் குடித்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் கோயிலில் மிக்ஸி இல்லை என்று தைரியமாக இருந்தார். பிள்ளையார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, "மனுஷ சரீரம், சாஸ்வதமில்லே பாரு" என்று வேதாந்தமாகத் தொடங்கினார். ருக்மிணி எட்டி மணியை அடித்தாள். ஒரு தடவை அடித்து நிறுத்துவாள் என்று பார்த்தால், குருக்கள் வந்து "மாமி, இன்னும் தீபாராதனைக்கு நாழி இருக்கு" என்று சொல்கிற வரைக்கும் அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காரில் போகும்போது ரயில் கேட் மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் ரிக்ஷா, நகர வழியில்லை. சரியான இடத்தில் மாட்டினாள் என்று பத்ரிநாத் தொண்டையைச் செருமினார். செருமிய சத்தம் கேட்டதுமே ருக்மிணி கதவைத் திறந்து இறங்கி, தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் பேரம் பேசப் போய்விட்டாள். கேட் திறந்தது, பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள், அவள் நிதானமாகக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

பத்ரிநாத் அப்துல் காதருக்குப் போன் போட்டார். "காதர் பாய், நான் ஊர் பூராச் செத்தவன். எங்காத்துல மட்டும் என்னால சாக முடியலை."

"உங்க வீட்ல சாகறதுக்கு இன்னும் உங்களுக்கு உத்தரவு கிடைக்கலை, பத்ரி சார்" என்று காதர் பாய் சிரித்தார். ஆறுதல் சொல்ல ஆள் பார்த்தார் பாருங்கள்.

அன்று சாயங்காலம் கொய்யாவைக் கழுவிக்கொண்டே ருக்மிணியாகவே ஒரு வார்த்தை சொன்னாள். "உங்க தொண்டைச் செருமலெல்லாம் எங்கிட்ட வேண்டாம். நான் பூவும் பொட்டுமா முன்னாடி போய்ச் சேர்ந்துடுவேன். அப்புறம் நீங்க யார்கிட்ட வேணும்னாலும் உங்க கதையைச் சொல்லிண்டிருங்கோ."

எல்லாச் சுமங்கலிகளும் சொல்கிற பேச்சுதான், பத்ரிநாத் ஆயிரம் தடவை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அவருக்குள்ளிருந்த பழைய ஏஜென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடடா, இத்தனை வருஷமாகத் தப்பான ஆளையல்லவா சாகடித்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அவர் போவதைத்தானே அவள் கேட்க மாட்டாள். அவளே போவதென்றால்?

புதன்கிழமை மத்தியானம் ருக்மிணி முறத்தில் பச்சைப் பட்டாணியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குளிர்காலத்துப் பட்டாணி, பை நிறைய இருந்தது. பத்ரிநாத் எதிரில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு கை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் உரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ருக்கு, நீ போயிட்டேன்னு வெச்சுக்கோ."

சொல்லிவிட்டு அவருக்கே பக்கென்றது. ருக்மிணி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, "ம், சொல்லுங்கோ" என்றாள்.

"தை வெள்ளிக்கிழமை. காலம்பற பூஜையெல்லாம் முடிச்சுட்டு, காப்பி குடிச்சுட்டு, ஊஞ்சல்ல உக்கார்றே. ஒரு வலி இல்லே, வேதனை இல்லே."

"வெள்ளிக்கிழமையா? பேஷ். எந்தப் புடவை?"

"கூறைப் புடவை."

"அது இத்துப்போய் எத்தனையோ நாளாச்சு. மயில்கழுத்துப் பச்சை போட்டுக்கோங்கோ. உரிச்சுண்டே சொல்லுங்கோ, கை நின்னு போறது பாருங்கோ."

பத்ரிநாத் சுறுசுறுப்பாக உரித்தார். பழைய நாட்கள் திரும்பி வந்தாற்போல் இருந்தது. தெருவே திரண்டது, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும், மாலைக்கு மேல் மாலை. டேனியல் குடும்பம் வந்தது. கும்பகோணத்து மைத்துனர் விமானத்திலேயே வந்து இறங்கினார். ருக்மிணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் திருத்தமும் சொன்னாள். அவள் தம்பி விமானத்துக்குச் செலவழிக்கிற ஆள் இல்லையாம், ரயிலில்தான் வருவானாம்.

சரியான இடம் வந்ததும் பத்ரிநாத் கொக்கியைப் போட்டார். "மத்தியானம் ஆயிடறது. வந்தவாளுக்கெல்லாம் பசி. வாசலை வாசலைப் பாக்கறா. வேன் வரலை."

"ஏன் வரலை?"

"ஏது வேன்? நான்தான் முன்னாடியே நாற்காலியை விட்டுட்டேனே. ஜெயந்த் வேனையெல்லாம் வித்துட்டான். அதுக்குப் பதிலா வந்திருந்தவா எல்லார் போனுக்கும் ஒரு மெசேஜ் வரது. மூச்சை நன்னா இழுத்து விடுங்கள், மனசு லேசாகும்னு."

ருக்மிணியின் கை நின்றது. "என் காரியத்துக்கு வேன் வராதா?"

"வராது" என்றார் பத்ரிநாத் சோகமாக. வாடிக்கையாளர் விழுகிற நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது தொழில் ரகசியம். வாயை மூடிக்கொண்டு மிச்சப் பட்டாணியையும் உரித்துத் தள்ளினார்.

முறம் நிறைந்ததும் ருக்மிணி எழுந்தாள். "நாளைக்கு மீட்டிங் எத்தனை மணிக்கு? நானும் வரேன்" என்றாள்.

பத்ரிநாத் அன்று இரவு குறட்டை விட்டுத் தூங்கினார். வாழ்க்கையில் அவருக்கு மடியாத ஒரே வாடிக்கையாளரும் மடிந்தாயிற்று. காலையில் காதர் பாய்க்குப் போன் போட்டு, "எங்காத்துலயும் வித்துட்டேன்" என்று அளந்தார். எப்படி விற்றார் என்பதையும் ஒரு வரி விடாமல் சொன்னார்.

வியாழக்கிழமை, டிரஸ்ட் ஆபீசில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெயந்த், அப்துல் காதர், மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ரிடையரான ஜெனிபர், பத்ரிநாத். மயில்கழுத்துப் பச்சையைக் கட்டிக்கொண்டு ருக்மிணி. ஜெயந்த் சுவரில் படம் காட்டினான். இளைஞர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள், யாரோ ஒரு பெண் மலை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. "சாவுக்கு நாம எதுவும் பண்ண முடியாதும்மா. வாழறதுக்குப் பண்ணலாம்" என்று முடித்தான்.

"நான் கொஞ்சம் பேசலாமா?" என்றாள் ருக்மிணி.

பத்ரிநாத் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை, பூஜை, பச்சைப் புடவை, வராத வேன். தான் சொல்லிக்கொடுத்த பாட்டை அவள் எப்படிப் பாடுகிறாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. எதிரே காதர் பாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இவர் போயிட்டார்னு வெச்சுக்கோங்கோ" என்றாள் ருக்மிணி.

காதர் பாய் கையிலிருந்த பிஸ்கட் டீயில் விழுந்தது. பத்ரிநாத்தின் முதுகு நாற்காலியை விட்டு எழுந்தது.

"அன்னிக்குக் காலம்பற நான் ரெண்டு டம்ளர் காப்பி கலந்துடுவேன். கலந்தப்புறம்தான் ஞாபகம் வரும். ரெண்டாவதைக் கொட்டவும் மனசு வராது, குடிக்கவும் முடியாது. கையில வெச்சுண்டு நிப்பேன். இவர் எப்பவும் கண்ணாடியைக் கண்ட இடத்துல வெச்சுட்டுத் தேடுவார், அன்னிக்கும் அது டிவி மேல இருக்கும். எடுத்துக் குடுக்க வேண்டாம்னு என் கைக்குத் தெரியாது. எடுத்துடும்."

பத்ரிநாத் இருமினார். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

"ஜெயந்துக்கு நான்தான் போன் பண்ணணும். அவன் எடுத்ததும், மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்னுடுவான். எப்பவும் அப்படித்தானே சொல்வான், வேணும்னு சொல்ல மாட்டான். அப்போ நான் என்ன சொல்லணும், சொல்லுடா கண்ணா."

ஜெயந்த் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வருவா. அழுவா. சாப்பிட்டியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டா, கேட்டா தப்புன்னு நினைச்சுப்பா. ஆனா எனக்குப் பசிக்கும். அதான் இருக்கறதுலயே வெக்கக்கேடு. இவர் போய் அரை நாள் ஆகியிருக்காது, கூடத்துல அப்படியே இருப்பார், எனக்குப் பசிக்கும். யார்கிட்ட போய்ச் சொல்றது? பவுன் சொன்னா எங்கிட்ட. அக்கா, அவரு கிடக்காரு, எனக்குப் பசிக்குதுக்கா, நான் மனுசியான்னு கேட்டா. அப்போ ஒரு வேன் வந்து நிக்கணும். தெரியாதவா யாரோ ஒருத்தர், ஒரு வார்த்தை பேசாம, தட்டைப் போட்டுட்டுப் போயிடணும். பசிக்கறது தப்பில்லேன்னு அவா வாயால சொல்ல வேண்டாம். தட்டு சொல்லும்."

"ருக்கு" என்றார் பத்ரிநாத்.

"இருங்கோ. சாயங்காலம் உங்க சட்டையை எடுத்து..."

பத்ரிநாத் கரண்டியால் டீக்கோப்பையைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது, அவர் விடாமல் கலக்கினார். அந்தச் சத்தத்தையும் தாண்டி அவள் குரல் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு, "எனக்கு ஒரு போன் வரது" என்று எழுந்தார். போன் மேஜை மேலேயே கிடந்தது, அதில் ஒரு போனும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

தாழ்வாரத்தில் தண்ணீர் மிஷின் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புனேயில் ரயிலிலும் லாரியிலும் பாய்லரிலும் செத்தவர், ஒரு தடவைகூட மறுநாள் காலைக் காப்பியைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை. சாவதோடு அவர் கதை முடிந்துவிடும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். குமுறிக்கொண்டு அழுகை வந்தது. எழுபத்தொன்பது வயதில் ஒரு கம்பெனி முதலாளி தண்ணீர் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை.

கதவு திறந்து ருக்மிணி வந்தாள்.

"ஜெயந்த் ஒத்துண்டுட்டான். நாற்காலி எனக்கு. வேன் ஓடும், இன்னும் ரெண்டு வாங்கணும்னு ஜெனிபர் சொல்றா. அவனும் ஓடிக்கட்டும், அந்த மாரத்தானை உங்க ஆபீஸ் பணத்துல வெச்சுக்கட்டும்னுட்டேன்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "பாதியில எழுந்து வந்துட்டேளே. நீங்க போனப்புறம் இன்னும் நிறைய இருந்தது."

"போறும், ருக்கு."

"இப்போ தெரிஞ்சுதா, நான் மிக்ஸியை எதுக்குப் போட்டேன்னு?"

பத்ரிநாத் தலையாட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வியாபாரி புத்தி விடுமா, "நேத்திக்கு நான் சொன்னதை ரசிச்சுக் கேட்டியே" என்றார்.

"விக்க வந்திருக்கேள்னு மோடாவை இழுத்துப் போட்டபோதே தெரியும். உங்களை வேறெப்படி ரெண்டு கிலோ பட்டாணி உரிக்க வெக்கறது?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை. "இதெல்லாம் எப்போ யோசிச்சு வெச்சே? காப்பி, கண்ணாடி, போன்..."

"டேனியல் சார் ஆத்துல முதல்ல செத்தேளே" என்றாள் ருக்மிணி. "சந்தையில அவர் ஆம்படையா சொன்னாளே. அன்னிலேர்ந்து."

பத்ரிநாத் ஊரெல்லாம் அலைந்து ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு மறந்துபோன அத்தனை சாவையும் இவள் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து விதவையாக இருந்து பார்த்திருக்கிறாள். அதுவும் மிக்ஸியைப் போட்டுக்கொண்டு.

"மூஞ்சியைக் கழுவிண்டு வரேன். போறேன்" என்று திரும்பினார்.

"என்ன சொன்னேள்?"

நின்றார். "போயிட்டு வரேன்."

"ம்" என்றாள் ருக்மிணி. முந்தானையில் துடைத்து ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். "மேஜை மேலேயே வெச்சுட்டு வந்துட்டேள்."